அக்காவின் ஸ்கூட்டர் நின்றுபோன காரணம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்கு விளக்கேற்றிப் படையல் வைக்கும் இந்நாளில் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதும்படி அக்காவின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். முயன்று பார்த்தேன். அப்படி எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையாகிவிடுகிறது.

அக்கா, புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா நெஞ்சு நோயில் காலமானார். அம்மாவுக்கும் உடம்பு சரியில்லாமல் வேலை நின்றதும் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, புக்கிட் ரோத்தானில் தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டை எங்களுக்கு விட்டார். அதற்கு நாங்கள் நன்றி சொன்னோம். அந்த நன்றியை வாரம் தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் அத்தைக்கு இருந்தது.

அக்காவுக்கு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. பேருந்து பெரிய சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நீண்ட செம்மண் பாதை. அப்பா விட்டுச் சென்ற பழைய ஸ்கூட்டரில்தான் அக்கா போய்வந்தார். இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆசிரியர் பயிற்சிக்குப் பரிந்துரைப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும்.

அத்தைக்கு ஒரே மகன். சாலையோரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். மரியாதைக்காக இந்தக் கட்டுரை முழுவதும் அவரை 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன். முறை மாப்பிள்ளை என்பதால் அக்காவை அவருக்குத்தான் என்று ஊரே பேசியது. வண்டி பழுதானால் அந்தப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒன்றைச் சரிசெய்து தருவார். அடுத்த வாரம் வேறொன்று கெடும். எஞ்சினின் வேகத்தைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்திருக்கும் அக்காவின் கைமேல் தம் கையை வைத்துத் திருகுவார். எடுக்கமாட்டார். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்து, புறங்கையில் படிந்திருந்த கரிய எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம், "இனிமே வண்டி அங்க போவாதும்மா. நானே பாத்துக்குறேன்" என்றார்.

அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அவருக்கு எண்ணெய் நாற்றமே ஆகாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய நாளிதழை விரித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்காருவார். கார்புரேட்டரைக் கழற்றிப் பால் டின்னில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்ப்பார். உள்ளேயிருந்து வரும் கசடு சளிபோல் இருக்கும். புகைக்குழாயைக் கம்பிவிட்டுக் குடைந்தால், தாரும் கரியும் கலந்த ஒன்று கட்டிகட்டியாக விழும். பிளக்கை மணல்தாளால் தேய்த்து, அதன் முனையைப் பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்கு, எண்ணெய் கூடிப்போச்சு" என்று சொல்லி, பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைக் குறைப்பார். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, சின்னத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரைச்சல் சீராகும்வரை காதைக் கொடுத்துக் கேட்பார். வேலை முடிந்ததும் குளியலறைக்குப் போய்க் குமட்டிவிட்டு வந்த நாள்களும் உண்டு.

அம்மாவுக்கு அதைவிட அருவருப்பு. "சோத்துல மண்ணெண்ண நாறுது. பொம்பளப் புள்ள எஞ்சின் முன்னால குந்திக்கிட்டு இருக்கு. பாக்க சகிக்கல" என்பார். முன்வீட்டுச் சன்னலிலிருந்து அத்தையும் அதையே இன்னும் உரக்கச் சொல்வார்.

வண்டி வாசலில் நன்றாகவே ஓடியது. ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில், சரியாகச் செம்பனைக் காட்டுக்குள் போனதும், மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து நின்றுவிடும். அக்கா பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பார். உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். சற்று நேரத்தில் அத்தை மகன் தம் மோட்டார் சைக்கிளில் வந்து சேருவார். உதிரிச் சாமான் கொடுக்க அந்தப் பக்கம் போவதாகச் சொல்வார்.

"மறுபடியும் நின்னுருச்சா? நல்ல வேள நான் வந்தேன் லா. இல்லாட்டி பாம்போட பேசிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தொட்டியின் மூடியைத் திறப்பார், மூடுவார், உதைப்பார். வண்டி உடனே கிளம்பும். "இதுக்குத்தான் கைராசி வேணும்ங்கிறது" என்று சிரிப்பார். அக்கா நன்றி சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போவார். தாமதமாகப் போய்ச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் ஏச்சு வாங்குவார்.

எதைச் சரிசெய்தும் கோளாறு தீரவில்லை. பரிந்துரை கைவிட்டுப் போகும் நிலை வந்தது. அப்படியிருக்க, ஒருநாள் அக்கா அவசரத்தில் தொட்டியின் மூடியை இறுக்காமல் கிளம்பிவிட்டார். இருக்கைக்கு அடியில் பெட்ரோல் கசிந்து சேலையெல்லாம் நாறியது. ஆனால் வண்டி எங்கும் நிற்கவில்லை. போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் திருப்பிப் பார்த்தார். தொட்டிக்குள் காற்றுப் போவதற்காக மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் சிறிது தூரத்தில் பெட்ரோல் இறங்குவது நின்று எஞ்சின் அணைந்துவிடும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து மீண்டும் கிளம்பும். அந்தத் துளை உட்பக்கத்தில் சாம்பல்நிறப் பசையால் அடைக்கப்பட்டிருந்தது. ஓட்டை விழுந்த தொட்டிகளை ஒட்டுவதற்குப் பட்டறைகளில் பயன்படுத்தும் பசை அது. அடைத்து, காய்ந்த பின் தேய்த்து மட்டப்படுத்தியும் இருந்தார்கள். அழுக்குத் தானாக அப்படி மட்டமாகப் படியாது. இரவில் வண்டி நின்றது முன்வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான வாசலில்.

அக்கா ஊசியைக் காய்ச்சி அந்தத் துளையைக் குத்தித் திறந்தார். "ஏறு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். நெல்வயல்களுக்கு நடுவே சுங்கை பெசார் வரை போனோம். வண்டி ஒருமுறைகூட இழுக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு வாய்க்கால் ஓரத்தில் அக்கா தாமாகவே வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"நிப்பாட்டுனதே அவன்தான்டி. எங்க நிக்கும்னு தெரிஞ்சிக்கிட்டு பின்னாலயே வந்திருக்கான்" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன்."

அந்த மாதமே அத்தை வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனும் உறவுக்காரப் பெரியவர்கள் சிலரும் உடன் வந்தார்கள். தட்டை வைக்கும் முன்பே அக்கா கூடத்துக்கு வந்து, நடந்ததை நின்றபடியே சொன்னார். குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோல், துளை எதற்கு இருக்கிறது, அடைத்தால் என்ன ஆகும் என்று விளக்கினார்.

அத்தை மகன் மறுக்கவில்லை. சிரித்தார். "சும்மா ஒரு வெளையாட்டு லா. பட்டறப் பக்கமே வர்றதில்ல. வேற எப்படிப் பேசுறது?"

பெரியவர்களும் சிரித்தார்கள். ஒருவர் அவர் தொடையில் தட்டி, "பொல்லாத பய" என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. எத்தனையோ கசடை அள்ளிக் கொட்டிய வாசல் அது. அன்று கூடத்தில் இருந்ததைப் போன்ற அழுக்கை நான் அங்கே பார்த்ததில்லை.

அத்தை, "ஆச இருக்கப்போயிதானே செஞ்சான்? இதுல என்னா பெரிய குத்தம் கண்டுட்ட?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல நான் பயந்துக்கிட்டு நின்னேன் அத்தை. நான் பயப்படணும்னுதான் நிக்க வச்சாரு. இவரோட என்னால ஒரு வீட்டுல இருக்க முடியாது."

"தங்க எடம் கொடுத்தவங்ககிட்டப் பேசுற பேச்சா இது?" என்று அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ என்னா புள்ள சொல்ற? யோசிச்சுச் சொல்லு. வீடு யாருதுன்னு தெரியும்ல."

அம்மா எழுந்தார். கணவரின் அக்கா முன்னால் அவர் உட்கார்ந்தே பேசியதில்லை. எதிர்த்துப் பேசியதும் இல்லை. "தட்ட எடுத்துக்குங்க அண்ணி" என்றார். "இத்தன நாளா மண்ணெண்ண நாத்தத்த சகிச்சிக்கிட்டேன். இத என்னால சகிக்க முடியாது."

அந்த மாதக் கடைசியில் நாங்கள் வெளியேறினோம். அக்கா வேலைபார்த்த தோட்டத்திலேயே, ஆளில்லாமல் கிடந்த ஒரு லயத்து வீட்டைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் பேசி வாங்கித் தந்தவர் தலைமையாசிரியர். கூரை ஒழுகும், வௌவால் எச்சம் அப்பிய சுவர். கழுவிக் குடியேறினோம். அக்காவைப் பற்றி ஊரில் பேசிய பேச்சுகளை இங்கே எழுதி இந்தத் தாளைக் கெடுக்க விரும்பவில்லை. இரண்டு திருமணங்களுக்கும் ஒரு கோயில் விழாவுக்கும் எங்களை அழைக்கவில்லை. அக்கா அப்போதும் ஞாயிறுதோறும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியைக் கழற்றிக் கழுவினார். அம்மா மட்டும் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

அக்கா பயிற்சிக்குப் போய் நிரந்தர ஆசிரியையானார். பத்தாங் காலியில் பணியாற்றியபோது உடன் வேலைபார்த்த அத்தானை மணந்தார். இரு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அம்மாவைக் கடைசிவரை தம்மோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்குத் தாமதமாக வரும் தோட்டத்துப் பிள்ளைகளை அவர் ஒருநாளும் வெளியே நிறுத்தியதில்லை. ஓய்வு பெற்றபின் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். அங்கே பழக்கூடையோடு அத்தை மகன் பார்க்க வந்தார். அக்காவின் பிள்ளைகளிடம், "ஒங்கம்மா பின்னால நான் காட்டுக்குள்ள எப்படிச் சுத்துனேன் தெரியுமா? மூடிய அடச்ச கதைய சொன்னாங்களா?" என்று ஆரம்பித்துச் சிரித்தார். பிள்ளைகள் விவரம் தெரியாமல் புன்னகைத்தார்கள்.

அக்கா கண்ணைத் திறந்தார். பேசவே மிகுந்த சிரமப்பட்ட நாள்கள் அவை. "நான் அப்பவும் சிரிக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவரப் போகச் சொல்லு" என்றார்.

அக்காவின் கருமக்கிரியை அன்று பந்தியில் அதே கதை மீண்டும் சொல்லப்பட்டது. சிலர் சிரித்தார்கள். அதனால்தான் இதை எழுதினேன்.

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், எங்களுக்கு ஒரு கூரை தேடித் தந்த தலைமையாசிரியரின் குடும்பத்தாருக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் அக்காவைத் துடைத்துச் சுத்தம் செய்த தாதியருக்கும், இன்று வந்து உண்டு செல்லும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கதையை இனி எங்கேனும் சொல்ல நேர்ந்தால், அக்கா சிரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை