கைக்குட்டை முனையில் அப்பம்

2024 ஜனவரி 14 — ரூ. 20
2024 ஜனவரி 21 — ரூ. 20
2024 ஜனவரி 28 — ரூ. 100
2024 பிப்ரவரி 4 — ரூ. 500

நான்கும் ஞாயிற்றுக்கிழமைகள். தேவராவில் ஒரு சர்ச்சில் காணிக்கைப் பை தன் வரிசைக்கு வந்தபோது பிச்சுமணி போட்ட தொகைகள் இவை. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதி ஓய்ந்தவர் அவர். எழுபத்தாறு வயது வரை எந்த சர்ச்சின் படியையும் மிதித்ததில்லை.

போகவைத்தது மனைவி கமலாக்ஷி. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். படுக்கையில் கிடந்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாளுவை ஒரு தடவை கூட்டிண்டு வாங்கோ."

மாளு என்கிற மாளவிகா அவர்களுடைய ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆன்சன் என்ற கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். ஆசீர்வாதம் கேட்டு அவள் வந்து நின்ற அன்று, "ஒரு சில்லு ரொட்டிக்குப் போயிட்டா" என்று பிச்சுமணி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கமலாக்ஷி உள்ளே இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மாளு இந்தப் பக்கம் வந்ததில்லை. இந்த வீட்டிலிருந்து போன் போனால் எடுப்பதும் இல்லை. வீடு தேடிப் போனால் கதவைத் திறக்கமாட்டாள். சர்ச்சிலிருந்து யாரும் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது என்று பிச்சுமணி யோசித்தார்.

முதல் ஞாயிறு செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனார். மற்றவர்கள் எல்லோரும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தார்கள். மாளு முன்னால் இருந்தாள், தலையில் முக்காடு, பக்கத்தில் அவர் பார்த்திராத ஒரு பெண் குழந்தை. குர்பானா என்கிற பூசை முடிந்ததும் எழுந்து போய்ப் பேச அவருக்குக் கால் வரவில்லை. பஸ் பிடித்து வீடு வந்தார்.

"பேசினேளா?"

"கூட்டம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பாடற பசங்களுக்கு ஸ்ருதியே சேரலை. பாதிரி அச்சனோட பிரசங்கம் கேட்டு என் பக்கத்துல ஒருத்தன் குறட்டை விட்டான். தெய்வத்துக்கு முன்னாடி செருப்பு வேற."

"கச்சேரி கேக்கவா அனுப்பினேன் உங்களை?" என்றாள் கமலாக்ஷி.

இரண்டாம் ஞாயிறும் அதே கதை. ஆனால் வீட்டில் சொன்ன குறைகளில் ஒன்று குறைந்து, நல்லது ஒன்று சேர்ந்தது. அங்கே காசு கொடுத்து முன்னால் போகிற தனி வரிசை கிடையாது. காரில் வந்தவரும் மீன் விற்கிற பெண்ணும் ஒரே பெஞ்சில்தான் முட்டி போட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு நடுவில் அச்சன் ஏதோ சொன்னார். எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். மாளுவும் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கூப்பிய கையை அவள் இறக்கவில்லை. அங்கே அது முறை, யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பாள். அது பிச்சுமணிக்கும் தெரியும். இருந்தும் அன்று பையில் நூறு ரூபாய் விழுந்தது.

"அங்க பக்தி இருக்கு, கமலம்," என்றார் வீட்டில். "நான் சொன்னது தப்பு."

"அதை அவகிட்டன்னா சொல்லணும்."

நான்காம் ஞாயிறு சொல்லிவிடுவது என்றுதான் போனார். அச்சன் தருகிற அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்தபோது மாளுவின் வரிசையில் அவரும் போய் நின்றார். பிரசாதம் உனக்கு இல்லை என்று சொல்கிற சந்நிதியை அவர் எங்கும் கண்டதில்லை. தீர்த்தம் வாங்குவதுபோல் வலது கையைக் குழித்து நீட்டினார். வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஒன்று கையில் விழுந்தது. வீட்டில் நோயாளி கிடக்கையில் பிரசாதத்தைத் தான் மட்டும் தின்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கைக்குட்டை முனையில் வைத்து முடிந்துகொண்டு வெளியே நடந்தார்.

படியில் கப்யார் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். சர்ச் வேலைகளைப் பார்க்கிற கிழவர். அவருக்கே மூச்சு வாங்கியது.

"சாமி, அது கொண்டுபோகக் கூடாது. அது எங்க கர்த்தாவோட சரீரமாக்கும். இங்க தா."

கூட்டம் சேர்ந்தது. ஒருவன் மொபைலைத் தூக்கிப் பிடித்தான். கப்யார் முடிச்சை அவிழ்த்தார். அப்பம் இரண்டாக உடைந்திருந்தது. உதிர்ந்த துகளையும் விடாமல் எடுக்க அவர் கைக்குட்டையையே வாங்கிக்கொண்டார்.

மாளு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு சில்லு ரொட்டி. தெருவுல காட்டறதுக்கா?"

"அம்மாவுக்கு. முடியாம கிடக்கா. இனி நாள் இல்லைங்கறா."

"அம்மா இதைக் கேட்டாளா?"

"இல்லை. உன்னைக் கேட்டா."

"என்னைக் கேட்டதுக்கு இதையா கொண்டுபோறேள்?" குரலைத் தாழ்த்தினாள். "நாலு வாரமா பின்னாடி உக்காந்திருந்தேளே. ஒரு வார்த்தை? இங்க இன்னும் என்னைப் பிராமணாத்துப் பட்டத்திப் பொண்ணுன்னுதான் சொல்றா. இனி என்ன சொல்லுவா? செருப்பைப் போட்டுண்டு போங்கோ அப்பா."

படியில் ஒரு ஜோடிதான் இருந்தது. போட்டுக்கொண்டு இறங்கினார்.

கமலாக்ஷியிடம் அவர் மறைக்கவில்லை. அவள் "எனக்கு அது என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் அவள் கேட்பது நின்றுபோனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இரண்டு கடிதம் எழுதினார். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு மலையாளத்தில் நாலு வரி வந்தது. அம்மா பேருக்கு ஒரு குர்பானா சொல்லியிருக்கிறேன், அதற்கான காசும் கட்டியாயிற்று. வருவதற்கு எனக்கு மனசு இல்லை. இனி எழுத வேண்டாம்.

பிச்சுமணி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினார். கமலாக்ஷி கண்ணைத் திறக்கவில்லை. கேட்டாளா, தூங்கினாளா என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அவர் ஒரு சில்லு ரொட்டியோடு வரப் பார்த்தார். மகள் ஒரு குர்பானாவை அனுப்பிவிட்டாள். மாளு வந்தால் உட்காரக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு தேவராவிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 மார்ச் 9, சனிக்கிழமை.