மூடியே கிடந்த ஜன்னல்

பிள்ளைகளா, விஸ்வநத்தம் பக்கத்தில் நமக்கு இருக்கும் நான்கு வாடகை வீடுகளும் நாளைக்கு உங்கள் கைக்குத்தான் வரும். அதற்கு முன்னால் மூன்றாவது வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன். வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன். அதுதான் மரியாதை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மூன்றாவது வீட்டில் ஒரு புருசன், பெண்டாட்டி, கைக்குழந்தை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கொஞ்ச நாளுக்கு முன்னால், ஃபேன் வேண்டாம் என்று அவர்களே கழற்றி வாசலில் கொண்டுவந்து தந்தார்கள், வாங்கிக்கொண்டேன். கரண்டு பில்லும் ரொம்பக் கம்மியாக வந்தது. “இவுகளப் பாத்துப் படிங்க” என்று மற்ற மூன்று வீட்டாரிடமும் நானே சொல்லியிருக்கிறேன். தெருப்பக்கத்து ஜன்னலை மட்டும் அவர்கள் திறப்பதே இல்லை.

அந்த ஜன்னலில் ஒரு குறுக்குக் கம்பி பற்று விட்டுப்போயிருந்தது. சொல்லாமலே சரிசெய்து கொடுத்தால் சந்தோசப்படுவார்கள் என்று ஒரு மத்தியானம் வெல்டிங்காரரைக் கூட்டிப் போனேன். முதல் வீட்டில் கரண்டு எடுத்தோம். அவர் ராடைக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். பொறி தெறித்தது.

உள்ளே இருந்து ஓர் அலறல். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் ஓடிவந்தாள். முழங்கை வரை சாம்பல் நிறப் பொடி.

“நிப்பாட்டுங்க அண்ணாச்சி! உள்ள வெடிமருந்து இருக்கு! பிள்ள தூங்குது!”

வெல்டிங்காரர் ராடைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினார். அங்கே நின்றுதான் கத்தினார்: “என்னயக் கொல்லவா கூட்டியாந்தீரு? நல்லா வீடு கட்டி விட்டிருக்கீரு ஓய்!”

நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே, விரித்த சாக்கில் மருந்து கிடந்தது. பக்கத்தில் அடைத்து முடித்த வெடிகள். ஃபேன் கழற்றிய கொக்கியில் தொட்டில். பொறிக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான் இருந்திருக்கிறது.

புருசன் மூலையிலிருந்து எழுந்தார். “கம்பெனியப் பூட்டி மூணு மாசமாச்சு அண்ணாச்சி. ஆர்டர் குடுக்கிறவரு இங்கன கொண்டாந்து போட்டுட்டுப் போறாரு. ஃபேன் போட்டா பொடி பறக்கும். லைட்டுப் போடவும் பயம். பாத்துத்தான் செய்யுறோம்.”

“என்னத்தப் பாத்தீக? சுத்தி மூணு வீட்டுல ஆளு இருக்கே!”

“நீங்கதான் உள்ள வரவே மாட்டீகளே” என்றாள் அந்தப் பெண். குத்திக்காட்டவில்லை. அதை நம்பித்தான் இருந்திருக்கிறார்கள்.

நான்கு வீட்டாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். மருந்தை அள்ளிப் போனார்கள். போலீஸ் வந்து புருசனைக் கூட்டிப் போனது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காரியாபட்டியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. போன் செய்தது சரிதான். ஆனாலும் அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

எல்லோரும் போன பிறகு, அவர்கள் குடிவந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். கொக்கியில் தொட்டில் சேலை அப்படியே தொங்கியது. அவிழ்த்தேன். கையெல்லாம் அந்தச் சாம்பல் நிறப் பொடி ஒட்டிக்கொண்டது. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, சேலையைத் தண்ணீர் தெளியும் வரை அலசினேன். பிறகு ஜன்னலைத் திறந்து, அந்த விட்டுப்போன கம்பியின் மேலேயே காயப்போட்டேன்.