விட்லியின் ஊருக்கு ஏரம்பு போட்ட எல்லை

ஷார்ஜாவில் ஒரு கட்டட அலுவலகத்தில் ஏரம்பு படம் வரைகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். கோடு விஷயத்தில் மகா பிடிவாதம். அளந்தது முழுக்கோடு, ஊகித்தது புள்ளிக்கோடு. கடவுளே வந்து கேட்டாலும் மாற்றமில்லை. சட்டைப்பையில் செருகியிருக்கும் மைப்பேனாவை ஒரு கையெழுத்துக்குக்கூட யாருக்கும் இரவல் தந்ததில்லை.

1984 மார்ச்சில் மேலாளர் விட்லி தன் சொந்த வேலை ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அவருடைய ஊர் அறுநூறு வருஷத்துக்கு முன் அறுபது வீடுகளோடு இருந்ததாம். இப்போது எட்டே வீடு. மற்றவை புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. விடிகாலையில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த மேடுகளின் நிழல் தெரிந்தது. அதன்மேல் டிரேசிங் தாளை விரித்துப் பழைய ஊர் எதுவரை இருந்தது என்று வரைய வேண்டும். ஊர்ச் சங்கத்தில் விட்லி காட்டப் போகிறார்.

மூன்று மாதத்தில் ஒரு தெருவே முளைக்கிற ஷார்ஜாவில் இருந்துகொண்டு, இல்லாத தெருவுக்குப் படமா என்று ஏரம்புவுக்குச் சிரிப்புத்தான். ஆனாலும் இரண்டு வெள்ளிக்கிழமை விடுமுறைகளை அதற்கே கொடுத்தார்.

சிக்கல் தெற்கே வந்தது. விட்லியின் அப்பா வீடு படத்தில் எல்லைக்கு வெளியே ஒரு விரல் தள்ளி நின்றது. நாங்கள் ஆதியிலிருந்தே இந்த ஊர்தான் என்று ஆயுசு முழுக்கப் பெருமையடித்த குடும்பம். கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்க முடியாதா என்று விட்லி தயங்கித் தயங்கிக் கேட்டார். அங்கே ஒரு நிழலும் இல்லை.

விட்லியின் மேசையில்தான் ஏரம்புவின் லீவு பாரம் கையெழுத்தில்லாமல் இரண்டு வாரமாகக் கிடந்தது. மனைவி ராசம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம். போன ஆடியில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அவள் கடிதம் வந்தால் வாசலிலேயே நின்று பிரித்துப் படிப்பார்.

அறைத்தோழர் நெய்னா முகம்மது கீழக்கரைக்காரர். அவருக்குப் பொறுக்கவில்லை. "இறக்கிக் குடுத்துட்டு ஊருக்குப் போங்கண்ணே. அந்தப் புல்லை யாரு போய்ப் பாக்கப் போறா?"

"ஒருத்தரும் பாக்காட்டிலும் அது நான் போட்ட கோடெல்லோ," என்றார் ஏரம்பு.

வியாழக்கிழமை படத்தைக் கொடுத்தார். எல்லை இருந்த இடத்திலேயே முழுக்கோடாக நின்றது. அப்பா வீட்டைச் சுற்றி மட்டும் மெல்லிய புள்ளிக்கோடு; ஓரத்தில் 'ஊகம்' என்று ஒரு குறிப்பு.

விட்லி அந்தப் புள்ளிக்கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு லீவு பாரத்தை இழுத்து, பென்சிலால் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இதுவும் இப்போதைக்கு ஊகம்தான், ஏரம்பு."

ஏரம்புவுக்கு முகம் வெளிறிப்போனது. அதைக் கண்டு விட்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தாலும் உன் கோட்டைத்தான் ஒப்புக்கொள்வார் என்று சொல்லி, பாரத்தைத் திரும்ப வாங்கி, மேசையில் பேனா தேடினார்.

ஏரம்பு சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.