பிறகு பிறந்த அக்கா

ஜெர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுபானி, கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டாலும் உதறித் திரும்ப விரிக்கிற பேர்வழி. அந்தப் பேர் எடுத்ததால்தான் ஊரிலுள்ள யொரூபாச் சங்கம் தன் முதல் தேர்தலை நடத்தித்தரும்படி அவளைக் கூப்பிட்டது. நைஜீரியாவிலிருந்து வந்த அந்தச் சனம் அதுவரை வயதில் மூத்த ஆணையே தலைவராக வைத்திருந்தது. இம்முறை இளசுகள் வாக்குப்பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். போட்டியில் நின்றவர்களோ பெண்கள், அதுவும் இரட்டையர்: தைவோ, கெஹிண்டே.

வாக்குகள் சரிசமமாக விழுந்தன. மறுநாள் தலைவர் நகரசபைக்குப் போய்ப் பழைய பள்ளி மண்டபத்தைக் கேட்க வேண்டும்; போகாவிட்டால் அது தூண்டில்காரர் கழகத்துக்குப் போய்விடும். சுபானி சங்க விதியைப் புரட்டினாள். சமமானால் வயதில் மூத்தவருக்கே பதவி என்றிருந்தது.

"ஆர் முதல் பிறந்தது?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"நான்தான்," என்றாள் தைவோ.

"அப்ப நீங்கள்தான் தலைவர்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வாக்குப்பெட்டிக்குக் காவலிருந்த சுபானியின் கணவன் அன்ரனும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

"நான் தங்கச்சி," என்றாள் தைவோ. "உலகம் எப்பிடி எண்டு பார்த்துவரச் சொல்லி அக்காதான் என்னை முதல் அனுப்பினவ. எங்கட சனத்திலை பிந்திப் பிறக்கிறவதான் மூத்தவ."

சுபானி விதித்தாளை மறுபடி புரட்டினாள். நகரசபை பிறப்புச் சான்றிதழைத்தான் நம்பும். இந்தச் சபை நம்பாது.

"பேசாமல் ரெண்டு பேரையும் போட்டுவிடுமன்," என்று அன்ரன் காதில் குசுகுசுத்தான்.

"ஒராள்தான் எண்டு விதியிலை கிடக்கு. நீங்கள் பெட்டியைப் பாருங்கோ!"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, விதியிலிருந்த அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

"சான்றிதழ்ப்படி தைவோ. பதவியை ஏற்கிறீங்களோ?"

"அக்கா இருக்க நான் எப்பிடி? அவவையல்லோ கேட்கவேணும்."

எல்லோரும் கெஹிண்டே பக்கம் திரும்பினார்கள். அவள் தலைக்கட்டை ஆறுதலாகச் சரிசெய்தாள்.

"நீ முதல் போ. தலைவர் வேலை எப்பிடி எண்டு பார்த்துவந்து சொல்லு. நல்லதெண்டால் அடுத்தமுறை நான் வாறன்."

அக்காவின் சொல் நிலைத்துவிட்டதென்று கிழவர்கள் மேசையைத் தட்டினார்கள். விதி நிலைத்துவிட்டதென்று இளசுகள் கைதட்டினார்கள். சுபானி நிமிர்ந்து முடிவை இன்னொரு தரம் வாசித்தாள், ஒருவரும் கேட்காமலே.

மண்டபம் கிடைத்தது. திறந்த அன்று கெஹிண்டே உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினாள். தரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்துத் தலைவரின் கையில் கொடுத்தாள்.