விட்டுவிடச் சொன்ன மேடம்

2007 ஜூன், பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த சமயம். என் மாமனார் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கொடுத்தார். என் மனைவியின் தங்கை எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை ஒரே ஒரு தடவை எழுதலாம். இடம் கிடைக்காவிட்டால், நெல்லிக்குப்பத்தில் இருக்கும் உரக்கடையை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் கடையில் உட்கார்ந்தால் வியாபாரம் நன்றாக நடக்கும். அதுதான் அவளுடைய கஷ்டமே.

"ஒரு தடவைதான்னா வாத்தியார் சரியா அமையணும் மாமா" என்றாள் என்னிடம்.

வாத்தியாரைச் சோதிக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள். பழைய வினாத்தாள் ஒன்றில் ஒரு தொட்டிக் கணக்கு. எத்தனை முறை முயன்றும் அவளுக்கு மசியவில்லை. அதைப் போட்டுக் காட்டுகிறவர்தான் வாத்தியார்.

முதலில் மூவரும் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போனோம். மாடியில் வகுப்பு நடத்திய சார் கல்லூரியில் பாடம் எடுத்தவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பலகையின் இடது மூலையில் ஆரம்பித்து, நடுவில் இரண்டு தடவை அழித்து, கடைசியில் விடையைக் கட்டம் கட்டியபோது வகுப்பே கைதட்டியது. மாமனாரும் தட்டினார்.

"இவருதான் ஆளு" என்றார் படியிறங்கும்போதே. "ஆனா சிதம்பரத்து அம்மாகிட்ட வரோம்னு சொல்லிட்டோம். போவலன்னா நல்லா இருக்காது. அப்படியே கோயிலயும் பாத்துட்டு வந்துடலாம்."

சிதம்பரத்து மேடம் சென்னையில் இதே தேர்வுக்குப் பாடம் எடுத்தவர். கணவருக்கு மாற்றலானதால் வந்தவர். கீழ வீதியை ஒட்டிய வீட்டின் முன்னறையில் வகுப்பு. தொட்டிக் கணக்கைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"இத நான் விட்டுடுவேன்."

மாமனார் என் காதருகே குனிந்து, மேடத்துக்கும் கேட்கிற குரலில், "தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்?" என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். "போடலாம் சார், டீ குடிச்சிக்கிட்டே போடலாம். பரீட்சையில இதப் போட்டு முடிக்கறதுக்குள்ள நாலு சுலபமான கணக்கு கையவிட்டுப் போயிடும்."

சொல்லிவிட்டு, அவளிடம் மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போட்டுவந்தவள் ஐந்தாவதில் மாட்டிக்கொண்டாள். நேரம் முடிந்தபோதும் அங்கேயேதான் இருந்தாள். மேடம் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க அவள் மனக்கணக்காகவே போட்டுவிடக்கூடிய கேள்விகள்.

"ஏம்மா இங்க வரவே இல்ல?"

"அத விட மனசு வரல மேடம்."

எப்படி வரும்? பத்தாவதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது ஒன்றுதான்: ஒரு கேள்வியையும் விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, அடிஷனல் பேப்பர் கேட்டு வாங்கு. இந்தத் தேர்விலோ தப்பாக எழுதினால் இருக்கிற மார்க்கும் குறையும்.

"கணக்கு உனக்கே நல்லா வருதும்மா. விடறதுக்குத்தான் நான் சொல்லித் தரணும்" என்றார் மேடம்.

மாமனார் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "ஏம்மா, கடையில கூட்டம் நெரியும்போது ஒரு பாட்டில் பூச்சி மருந்துக்கு விடாம பேரம் பேசுறவன நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

"செத்த ஒக்காருங்க பெரியப்பான்னு பெஞ்சக் காட்டிட்டு அடுத்த ஆளப் பாப்பேன்."

"அந்தத் தொட்டிக் கணக்குதான் அந்தப் பெரியப்பா" என்றார் மாமனார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "என் கடைக்கு நானே வேட்டு வெச்சுக்கிட்டேனா மாப்ள?" என்று கேட்டார். ஆனால், அடுத்த ஞாயிறு மகளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவரும் அவரேதான்.

நவம்பரில் சென்னையில் தேர்வு. அன்று நல்ல மழை. பள்ளி வாசலில் குடையோடு நின்ற பெற்றோரெல்லாம் "எல்லாம் எழுதினியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன பெரியப்பாவ ஒக்கார வெச்ச?" என்று கேட்டார் மாமனார்.

"பெஞ்சே பத்தலப்பா!"

மறு வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது. கரும்பு விவசாயிகளுக்கெல்லாம் கடை வாசலில் லட்டு கொடுத்தார் மாமனார். டப்பா காலியானதும் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு லீவுதான?"

அடுத்த ஞாயிறு கல்லாவில் நான் இருந்தேன். முதலில் வந்த பெரியப்பா ஒரு பாட்டில் மருந்துக்கு மத்தியானம் வரை பேரம் பேசினார். எனக்கு அவரை விட மனசு வரவில்லை.