பல் கிளினிக்கில் பால் காய்ச்சினோம்

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் நாங்கள் வாங்கிய வீடு முன்பு பல் கிளினிக்காக இருந்தது. வீடுகளுக்கு நடுவே ஒரு கடை வரிசை. கீழே கிளினிக், மேலே டியூஷன் சென்டர். இரண்டும் மூடிப்போய்ச் சும்மா கிடந்த கட்டடத்தைப் புதிய முதலாளி அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார். இரும்பு ஷட்டர் இருந்த இடத்தில் சுவரும் ஜன்னலும் வந்தன. எக்ஸ்ரே அறை எங்கள் படுக்கையறை ஆனது. அதன் சுவருக்குள் ஈயத் தகடு இன்னும் இருப்பதால் உள்ளே கைப்பேசிக்கு லைன் கிடைக்காது.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ்லேருந்து யாரும் கூப்புட முடியாது. வேற என்னலா வேணும்?" என்று சந்தோஷப்பட்டார் என் கணவர்.

பால் காய்ச்சிய அன்று காலையிலேயே இரு வீட்டு உறவினர்களும் வந்துவிட்டார்கள். சோபா வந்து சேரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாய்ப் போட்டிருந்தோம். அப்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கை கன்னத்தைத் தாங்கியிருந்தது. கணவரின் சொந்தம் என்று நான் நினைத்தேன். என் சொந்தம் என்று கணவர் நினைத்திருக்கிறார்.

பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மனிதரும் ஒரு கையால் தொடையைத் தட்டினார். நான் பால் டம்ளரை நீட்டினேன். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"மிஸ்ஸி, டாக்டர் எப்ப கூப்புடுவாரு?"

பட்டுச் சேலையில் நின்ற என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார்!

"அண்ணே, இது வீடு. கிளினிக்க மூடிட்டாங்க."

"வாசல்ல தோரணம் பாத்தேன். புதுசா தொறந்து பூச போடுறாங்கன்னு நெனச்சேன்."

வீடே சிரித்தது. வலியோடு அவரும் சிரித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் வேட்டியைக்கூட மாற்றாமல் அவரைக் காரில் ஏற்றி, சிரம்பானில் வேறொரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

மத்தியானம் அந்த மனிதர் தன் மோட்டார் சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தார். வாயில் பஞ்சு. என் மாமியார் அவரை விடவில்லை. கொஞ்ச நேரம் உட்காரவைத்து, பஞ்சை எடுத்த பிறகு ஆறிய பாயாசம் கொடுத்தார். மந்தினில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் கண்கள் கூடத்தையும் சமையலறையையும் சுற்றி வந்தன.

"நல்லாத்தான் மாத்தியிருக்காங்க. மேல வீடு காலியா, தங்கச்சி?"

"காலிதான். ஏண்ணே?"

"எங்கூட்டுக்காரி இங்க ஸ்கூல் கேன்டீன்ல வேல செய்யுறா. தெனம் மந்தின்லேருந்து பஸ்ல வர்றா."

அடுத்த மாதமே அவர், மனைவி, இரண்டு மகள்கள் எல்லோரும் மேல்வீட்டுக்குக் குடிவந்தார்கள். டியூஷன் சென்டரின் வெள்ளைப் பலகையைக் கழற்ற வேண்டாமென்று அந்த மகள்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அதில் இப்போது பூனைகளும் மீன்களும் நிறைந்திருக்கின்றன. அவர் மனைவி நெத்திலி சம்பல் வதக்கும் வாசனை மாடிப்படியில் இறங்கினால் போதும், என் கணவர் கிண்ணத்தோடு மேலே ஏறிவிடுவார்.