முட்டுக்காட்டில் விழாத ஒரே ஆள்

இன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் குடும்பத்தோடு முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு அழைத்துப் போனார்கள். மிதவைப் பலகை மேல் நின்றபடியே துடுப்புப் போட்டு முகத்துவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

சிட்லபாக்கத்தில் கிளம்பும்போதே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தேன். "யாராவது வேலையைப் பத்திக் கேட்டா, டிரான்ஸ்போர்ட்ல இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினார்.

கரையிலிருந்து பத்தடி போவதற்குள் எங்கள் மேனேஜர் தண்ணீரில் விழுந்தார். அடுத்து நான். பிறகு டெஸ்டிங் டீம் மொத்தமும்.

இவர் மட்டும் காலை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, ஏதோ யோசனையில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டார் படகு கிளப்பிய அலைக்குக்கூட அசையவில்லை.

வழிகாட்ட வந்த கோவளத்து மீனவர் அசந்துபோனார். "இன்னா சார், மொத நாளே இப்டி நிக்கிறீங்க! எங்க கத்துக்கினீங்க?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சொன்ன சொல் தவறாமல், "டிரான்ஸ்போர்ட்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தபடியே கத்தினேன்: "அண்ணா, அவர் பஸ் கண்டக்டர்! பதினாலு வருஷமா தாம்பரம் பஸ்ல கம்பியைப் புடிக்காம நின்னு டிக்கெட் கொடுக்கறார்!"

கரைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சொட்டச் சொட்ட நின்ற மேனேஜர் கேட்டார்: "சார், திங்கக்கிழமை உங்க பஸ்ல வந்து பிராக்டிஸ் பண்ணட்டுமா?"

"தாராளமா வாங்க சார். படியில மட்டும் நிக்கக் கூடாது, உள்ள ஏறி வரணும்."

வேறு யாருக்காவது பயிற்சி வேண்டுமா? கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். உட்கார இடம் கேட்கக் கூடாது.